பதிய வைக்கிற மாத்திரை

அதெல்லாம் விழாது தம்பி. லிஃப்ட் நின்னுருக்கு, அவ்வளவுதான். கதவ அடிக்காதீங்க, கைதான் வலிக்கும். மணி அடிச்சாச்சு, ஆள் வரேன்னும் சொல்லியாச்சு. இப்படித் தரையில உக்காருங்க. பேன்ட் அழுக்கானா ஆகட்டும், நீங்க என்ன போட்டோவுக்கா நிக்கப் போறீங்க? எனக்கும் அவசரம்தான். ஏழாவது மாடி, வக்கீல் ரூம். நேரத்துக்குப் போகலேன்னா என் பொண்ணு என் கைய விட்டுப் போயிருவா. நானே உக்காந்திருக்கேன் பாருங்க.

நெஞ்சு அடைக்குதா? கை மரத்துப் போகுதா? தெரியும், நானும் அந்தக் கேசுதான். செத்துருவோம்னு தோணும். சாக மாட்டோம். ஆனா யாரு சொன்னாலும் மண்டையில ஏறாது, இல்ல?

எனக்கு மொதல்ல வந்தது கேக் கடையில. கேக் மேல க்ரீம்ல பூ போட்டுட்டு இருந்தேன், திடீர்னு மூச்சு முட்டிருச்சு. பூ போச்சு, கொஞ்ச நாள்ல வேலையும் போச்சு. அப்புறம் வீட்டு வாசலத் தாண்டணும்னா எங்க வீட்டுக்காரர் கையப் புடிச்சுக்கணும். கடைக்கும் அவர்தான், பொண்ண ஸ்கூல்ல விடுறதும் அவர்தான். இப்படி ஒரு புருஷன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னாங்க எல்லாரும். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

ஒரு டாக்டரம்மா பேசியே குணமாக்குறேன்னாங்க. வெறும் பேச்சு இல்ல, வேணும்னே பயத்த வரவழைப்பாங்க. சுழல் நாற்காலியில வச்சு சுத்துவாங்க, ஸ்ட்ரா வழியா மூச்சு விடச் சொல்வாங்க. ம், சிரிங்க, நல்லது. அதுக்கு முன்னாடி ஒரு மாத்திரை குடுப்பாங்க. பயத்த அடக்குறதுக்கு இல்ல தம்பி. பயம் வந்து, ஒண்ணும் ஆகாம அதுவாப் போகுது பாருங்க, அந்தப் பாடம் மனசுல பதியறதுக்கு.

எனக்குப் பதியவே இல்ல. பயம் வந்தாத்தானே பதியும்? நாற்காலியச் சுத்துனா எனக்குக் கொட்டாவி வரும். மறுநாள் வாசல்ல நின்னு பழையபடி நடுங்குவேன். டாக்டரம்மா மண்டையப் பிச்சுக்கிட்டாங்க. நான் என்னையே திட்டிக்கிட்டேன், தேறாத ஜென்மம்னு.

ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு அக்காதான் கூட்டிட்டுப் போனாங்க. அன்னைக்குச் சுத்துனாங்க பாருங்க, ஐயோ, கத்திட்டேன்! கத்தி, அழுது, அப்புறம் தானா அடங்குச்சு. மறுநாள் தெருமுனை வரைக்கும் தனியாப் போயிட்டு வந்துட்டேன். அன்னைக்கு என்ன புதுசாப் பண்ணீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. புதுசா ஒண்ணும் இல்லையே, அவர் ஃப்ளாஸ்க்குல கொண்டு வர்ற டீயத்தான் குடிக்கலன்னேன். பேனாவ வச்சுட்டு என்னையே பாத்தாங்க.

தூக்க மாத்திரை தம்பி. பொடி பண்ணி.

நீ துடிக்கிறதப் பாக்கச் சகிக்கலடின்னார். நம்பித் தொலைச்சிருப்பேன். அவரே வாய விட்டார், நீ குணமாயிட்டா என்ன விட்டுட்டுப் போயிருவியேன்னு. சத்தியமாச் சொல்றேன், அதுவரைக்கும் எனக்கு அப்படி ஒரு நெனப்பே வந்ததில்ல.

இப்போ கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்கார், லிஃப்ட்ல ஏறக்கூட முடியாதவ எப்படிப் பொண்ண வளப்பான்னு. கீழ வாட்ச்மேன் சொன்னார், லிஃப்ட் மக்கர் பண்ணுதும்மா, படியில போங்கன்னு. மாட்டேன்னுட்டேன். லிஃப்ட்லதான் போய் எறங்குவேன், அவர் கண்ணு முன்னாடி.

ஆ, நகருது! எந்திரிங்க. பாத்தீங்களா, சாகல. என் கைய விடுங்க, நகம் பட்டுருச்சு. பரவால்ல, பரவால்ல. முந்தானைய ஒழுங்கு பண்ணிக்கிறேன். அழுத மாதிரி இருக்கா மொகம்? இல்லேல்ல?

கதவு தொறக்குது. அதோ, எதிர் பெஞ்சுல இருந்து எந்திரிச்சு வர்றார் பாருங்க, சிரிச்சுக்கிட்டே. எவ்வளவு நல்ல மொகம், இல்ல?

ஃப்ளாஸ்க்கும் கொண்டு வந்திருக்கார்.