முழங்கைத் திருப்பம்

– அங்க பாறையே கிடையாதுன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லு.

– அண்ணா, அங்க பாறையே கிடையாதாம்.

– கேட்டுச்சு பாப்பா. நான் ஒண்ணும் சொல்லல. பாறை இருந்துச்சுன்னு நான் எப்ப சொன்னேன்? சுரங்க ரயில்காரங்க கொண்டுவரப் போற புத்தகத்துல அப்படிப் போட்டிருக்காங்க. உன் வீட்டுக்காரரைக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கச் சொல்லு.

– என்னங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு…

– காதுல விழுந்துச்சு.

– விழுந்துச்சுல்ல? மூணு பேரும் ஒரே மேஜையில உக்காந்திருக்கோம். கையை நீட்டினா ஒருத்தர் மூக்கை ஒருத்தர் தொடலாம். நடுவுல நான் எதுக்கு, தபால்பெட்டியா? நாலு மணிக்கு ரயில் ஆபீஸ்லேர்ந்து அந்தப் பொண்ணு வந்துடும். நடந்தது இதுதான்னு ஒரு பத்தி எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாதான் உங்க பேரு புத்தகத்துல வரும். இல்லேன்னா பாறைதான் வரும்.

– சரி, படி. முதல்லேர்ந்து.

– இது மூணாவது தடவை. ‘நமது நகரில் முதலில் ஓடியவை குதிரை டிராம்கள். பின்னர் மின்சார டிராம்கள் வந்தன. கார்கள் பெருகியதால் டிராம் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு…’

– கார் பெருகலையே. பஸ் விடறவங்க சொல்லித்தான் பேத்தாங்க. எழுதி வச்சிருக்கேன்.

– என்னங்க, அப்ப நீங்க அரை டிராயர். அதை விடுங்க. ‘பேருந்துகளில் நெரிசல் தாளாமல், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சுரங்க ரயில் திறக்கப்பட்டது.’

– தாளாமல்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டாங்களே பாப்பா. நாலு வருஷம் பெரிய ரோட்டைப் பொளந்து போட்டிருந்தோம். பலகை போட்டுத்தான் ஜனங்க கடைக்குள்ளயே போனாங்க. செருப்புக்கடைக்காரர் என்னைப் பாத்தாலே ஷட்டரை இறக்குவாரு.

– கடையில பாதி அந்தப் பள்ளத்துல விழுந்தா இறக்காம என்ன பண்ணுவாரு? அது உங்கண்ணன் தோண்டின பள்ளம். எழுதி வச்சிருக்கேன்.

– ரெண்டு பேரும் கேளுங்க. ‘சந்தை நிலையத்துக்கும் கோர்ட் நிலையத்துக்கும் இடையே, கடினமான பாறை காரணமாகப் பாதை வளைந்து செல்கிறது. பொதுமக்கள் இதை முழங்கை என்பர்.’ அவ்வளவுதான்.

– என்பராம். தினம் போறவங்க பேப்பர்லேர்ந்து கண்ணை எடுக்காமலே அங்க வந்ததும் இடது பக்கம் சாயறாங்க. புதுசா ஏறினவங்க பக்கத்து ஆள் மடியில உக்காருவாங்க. சக்கரம் போடற சத்தத்துல மேல கோர்ட்டுல வாதமே நிக்குது. நான் ஒண்ணும் சொல்லல பாப்பா. ஆனா சந்தைப் பக்கத்துலேர்ந்து தோண்டிக்கிட்டு வந்தது உன் வீட்டுக்காரர். கோர்ட் பக்கத்துலேர்ந்து நான். நடுவுல உடைச்சுப் பாத்தா ஆறு அடி விலகி நிக்குது. அவர் பக்கம் தெற்கால போயிருக்கு.

– உங்கண்ணன் பக்கம் வடக்கால போயிருக்கு.

– ஆளுக்கு மூணு அடின்னு வச்சுக்கிட்டா என்னங்க?

– அது எப்படி?

– அது எப்படி பாப்பா?

– இதுல மட்டும் ஒத்துமை. அடுத்த மாசம் அந்த முழங்கையை நேராக்கப் போறாங்க, தெரியுமில்ல? சுவரை இடிச்சுப் புதுத் தண்டவாளம் போடறாங்க. அப்புறம் நீங்க அங்க உழைச்சதுக்குச் சாட்சின்னு புத்தகத்துல இந்த ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அதுல உங்க ரெண்டு பேர் பேரும் சேர்ந்து இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

– உங்கண்ணன் மன்னிப்புக் கேக்கட்டும், போடறேன். கல்யாணம் முடிஞ்சு நாலாம் நாள், பெரிய இன்ஜினியர் முன்னால, என் தங்கச்சி புருஷனுக்கு ஒரு கண்ணு கொஞ்சம் மந்தம், அளக்கறப்ப பாத்துக்கோங்கன்னாரு.

– விளையாட்டுக்குச் சொன்னேன் பாப்பா.

– அளக்கறவனைப் பாத்துக் கண்ணு மந்தம்னு சொல்றது விளையாட்டா?

– அந்த விளையாட்டுக்கு நடந்து செத்தது யாரு? நான். அன்னியிலேர்ந்து ரெண்டு பேரும் பேசறதில்ல, போனை எடுக்கறதில்ல. சாயங்காலமானா அன்னிக்கு எடுத்த அளவை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி என் கையில குடுப்பீங்க. சாப்பாட்டுத் தூக்கோட அதையும் தூக்கிக்கிட்டு அண்ணன் பக்கம் போவேன். அவர் சீட்டை வாங்கிக்கிட்டுத் திரும்பி வருவேன். இருபது நிமிஷ நடை. வயித்துல பெரியவன் வேற.

– அந்தச் சீட்டுதான் விஷயமே. கடைசி மாசம் உங்கண்ணன் சீட்டு அனுப்பறதை நிறுத்திட்டாரு.

– நான் நிறுத்தினேனா? பாப்பா, நிறுத்தினது அவரு. பெரிய இன்ஜினியரும் காமாலைல படுத்துட்டாரு. நான் யாரைக் கேப்பேன்? மனக்கணக்குப் போட்டுத் தோண்டினேன்.

– நானும் மனக்கணக்குதான். எத்தனை நாள்னு எழுதி வச்சிருக்கேன். இருபத்தாறு நாள்.

– ரெண்டு பேர்ல ஒருத்தர் போய்க் கேக்கறதுக்கென்ன? இருபது நிமிஷம்தானே?

– அவர் அனுப்பாததை நான் போய்க் கேக்கணுமா?

– அவர் அனுப்பாததை நான் போய்க் கேக்கணுமா பாப்பா?

– சாமி, போதும். மணி மூணே முக்கால். இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்லிச் சொல்லி என் ஆயுசு போச்சு. இனிமே நான் வாயைத் திறக்கறதா இல்ல. பேனா இருக்கு, காகிதம் இருக்கு. என்னமோ பண்ணுங்க.

– உங்கண்ணன்கிட்ட சொல்லு, முதல் வரியில சந்தைப் பக்கம்தான் வரணும்.

– பாப்பா, உன் வீட்டுக்காரர் உன்னத்தான் கூப்பிடறாரு.

– ஏம்மா, உன்னத்தான்.

– பாப்பா?

– நிஜமாவே பேச மாட்டேங்கறா.

– பிடிவாதக்காரி. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்.

– எனக்குத் தெரியாதா?

– நான் ஒண்ணும் சொல்லல. மணியாகுது. எழுதறவங்க எழுதலாம்.

– என்னத்த எழுதறது? எந்தத் தேதியிலேர்ந்து சீட்டு நின்னுச்சுன்னு ரெண்டு பக்கமும் தெரிஞ்சாத்தானே எழுதலாம்.

– எனக்கு நின்னது ஒரு திங்கக்கிழமை. மழை பிடிச்ச வாரம்.

– திங்கக்கிழமையா?

– ஆமா. தூக்கைத் திறந்து பாத்தேன். சாப்பாடு இருந்துச்சு, சீட்டு இல்ல.

– நான் எழுதி வச்சிருக்கேன். எனக்கும் அதே திங்கக்கிழமைதான்.

– அதெப்படி? அன்னிக்கு நான் எழுதிக் குடுத்தேனே. மறுநாளும் குடுத்தேன். நின்ன நாளே கிடையாது.

– நானும் ஒரு நாள் விடாமக் குடுத்தேன். மச்சான், அந்த இருபத்தாறு நாள்ல என் சீட்டு ஒண்ணு கூடவா உங்களுக்கு வரல?

– ஒண்ணு கூட வரல மாப்ள. உங்களுக்கு?

– இந்த ஒரு கேள்வியை யாராவது ஒருத்தர் நடந்து வந்து கேப்பீங்கன்னுதான், அந்த அம்பத்திரெண்டு சீட்டையும் நான் டிரங்குப் பெட்டியில போட்டுப் பூட்டினேன்.