காற்றின் மேல் விழுந்த பழி

தேநீர் நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர் கெடஸ். ஆனால் இந்த அறையில் காற்றே இல்லை. நாள் முழுக்க எப்படித்தான் இங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்களோ, பாவம்.

எங்கள் கில்ராமி கோல்ஃப் மைதானத்தை உண்டாக்கியது கடலும் மணல்மேடும் காற்றும்தான். மனிதர்கள் குழி தோண்டிக் கொடி நட்டதோடு சரி. கொடியைப் பார்த்துப் பந்தை அடிப்பவன் வெளியூர்க்காரன். நாங்கள் கடலைப் பார்த்து அடிப்போம். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து குழியருகே போடும். கல்யாணமான நாளிலிருந்து ஆடுகிறேன். இன்றும் மேட்டில் ஏறி நின்றால் காது அடைத்து, கண்ணில் நீர் வழிந்து, தலை கிறுகிறுத்துச் சிரிப்பு வந்துவிடும். என் கணவரைப் புதைத்த மறுநாளும் போய் ஆடினேன். அன்றும் சிரித்தேன். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறொன்றும் கிடையாது.

முர்டோ லம்ஸ்டன் இந்த வருடம் எங்கள் கிளப் தலைவர். நல்ல மனிதர், யாரிடமும் முகம் சுளிக்காதவர். அவர்தான் கடலோரம் நெடுக நாலு வரிசை பைன் மரம் நட்டுக் காற்றைத் தடுக்கத் திட்டம் போட்டார். வயதானவர்கள் விழுகிறார்களாம், வெளியூர்க்காரர்கள் வரப் பயப்படுகிறார்களாம். கமிட்டியில் என்னைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். காற்றில்லாத கில்ராமி என்பது உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி. இது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

உங்களுக்கு கோல்ஃப் பழக்கமில்லை என்று நினைக்கிறேன். எங்கள் ஏழாவது குழி ஒரு பெரிய மணல்மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இந்தப் பக்கம் நின்று அடிப்பவருக்கு, அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரியாது. அதனால் ஆடி முடித்தவர்கள் ஒதுங்கியபின், அங்கே கம்பத்தில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். மணி கேட்டால் பின்னால் வருபவர்கள் தைரியமாக அடிக்கலாம். பெருங்காற்றில் மணி தானாகவே ஆடிவிடும் என்பதால் அதன் நாக்கைத் தோல்வாரால் கட்டி வைப்போம். அவிழ்த்து, அடித்து, மறக்காமல் திரும்பக் கட்டுவது எங்கள் வழக்கம்.

அந்தச் சனிக்கிழமை நானும் முர்டோவும் ஜோடியாக ஆடினோம். அபாரமான காற்று. கடல்நுரை பறந்து வந்து அவர் மீசையில் ஒட்டிக்கொண்டது. என் தொப்பி இரண்டு குட்டிக்கரணம் போட்டுவிட்டு கடல் பக்கம் திரும்பியும் பார்க்காமல் ஊருக்குள் ஓடிவிட்டது.

"போச்சா எல்ஸ்பெத்? உங்க தொப்பிய வச்சே ஊர்ல ஒரு கடை போடலாம்."

"அது காத்தோட தொப்பிதான் முர்டோ. எங்கிட்ட கொஞ்ச நாள் இருந்துச்சு."

"கிறுக்கு முத்திப்போச்சு உங்களுக்கு. மரம் மட்டும் வளரட்டும், மெழுகுவத்தி ஏத்தி வச்சுக்கிட்டு ஆடலாம்."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் சிரிப்பில் பொய் இல்லை, அவரை எனக்குப் பிடிக்கும்.

ஏழாவது குழியில் அவர் ஒரு சின்ன அடியைத் தவறவிட்டார். தவறிய அடியை மறுபடி அடித்துப் பார்க்காமல் அவர் நகரமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். "நீங்க நிதானமா அடிங்க, நான் மணிகிட்ட நிக்கிறேன்" என்றேன். கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக் குனிந்தார். நான் வாரை அவிழ்த்து மணியை அடித்தேன்.

மேட்டுக்கு அப்பால் ரொட்டிக்கடை ஸ்ட்ரூவனும் அவன் கூட்டாளிகளும் காத்திருந்தார்கள். முதல் பந்து முர்டோவின் பக்கத்தில் வந்து குத்தியது.

"எந்த மடப்பய அடிச்சான்? டேய், ஆள் நிக்கிறோம்டா! மணி அடிச்சுதா என்ன?"

"காத்து ஆட்டிருச்சு போல. நீங்க அடிங்க, நான் கட்டிடுறேன்."

"நல்லா இறுக்கிக் கட்டுங்க தாயே, புண்ணியமாப் போகும்."

அவர் போட்ட சத்தம் அப்பால் கேட்டிருந்தால் அவர்கள் தயங்குவார்களே என்று மறுபடியும் அடித்தேன். இரண்டாவது பந்து ஸ்ட்ரூவனுடையது, நேராக அவர் தலையில் வந்து இறங்கியது. முர்டோ குனிந்தபடியே முன்னால் சரிந்தார். எனக்கு உடம்பே எடையில்லாமல் போனது போலிருந்தது. கைகளை விரித்தால் தூக்கிக்கொண்டு போயிருக்கும், அப்படி ஒரு காற்று.

முன்னால் போனவர்கள் வாரைக் கட்ட மறந்தார்கள், காற்று மணியை அடித்துவிட்டது என்று விசாரணையில் முடிவானது. ஸ்ட்ரூவன் கடையை மூடிவிட்டு யாரோடும் பேசாமல் கிடக்கிறான். காலையில் நல்ல ரொட்டி கிடைப்பதில்லை, அதையும் பொறுத்துக்கொண்டேன். தலைவர் போனால் திட்டமும் போய்விடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. சவ அடக்கம் முடிந்து விஸ்கி ஊற்றும்போது புதிய தலைவர் எழுந்து, "தங்கமான மனுசனக் கொன்ன காத்து இது. இனிமே இத உள்ள விடக்கூடாது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நாலு வரிசை எட்டு வரிசையானது, அதற்கு முர்டோவின் பெயர். கடைசியாக அவரோடு இருந்தவள் என்று முதல் கன்றை என்னையே நடச் சொன்னார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். என் எதிரில் ஒரு நிரபராதியை இப்படிப் பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது.

அதனால் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வார் இறுக்கமாகத்தான் கட்டியிருந்தது. அவிழ்த்தவள் நான். மணியை அடித்தவள் நான், இரண்டு முறையும். பந்தைச் சுமந்ததைத் தவிரக் காற்றுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, பந்தைச் சுமப்பது அதன் வேலை. கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். அதற்கு முன்னால் கிளப்புக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், காலையில் கன்று நடக் குழி வெட்ட ஆட்கள் வருகிறார்கள். கொன்றது நான்தான் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் எதற்கு அவர்களுக்கு மரம்?