"சரியாயிடும்" எனும் மருத்துவம்

அவையை அடக்கி ஆளும் தலைவர் அவர்களே, மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்த தையல் பிரிவுச் சகோதரிகளே, பெரியோர்களே, தாய்மார்களே, பாராட்டுப் பெற வந்து நடுநாயகமாக அமர்ந்திருக்கும் நம் தொழிற்சாலை மருத்துவர் அவர்களே, வணக்கம்!

டாக்டரைப் பாராட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இரண்டு எதற்கு? அவர் எங்களுக்குத் தந்த ஒரே வார்த்தை போதுமே. "சரியாயிடும்!"

சிரிக்கிறீர்களா சகோதரிகளே? நன்றாகச் சிரியுங்கள். இதைக் கேட்காத காது இங்கே எது?

இதோ முன்வரிசையில் என் தங்கை. காலர் தைப்பவள். அவள் சம்மதத்தோடுதான் பேசுகிறேன். வயதுக்கு வந்த நாளிலிருந்து அடிவயிற்றில் வலி. இடுப்பை முறிக்கும் வலி, மெஷினைப் பிடித்துக்கொண்டும் எழ முடியாத வலி. நம் டாக்டரிடம் காட்டினோம். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். ஆனது. "ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்மா" என்றார். பிறந்தது. பிள்ளையும் வளர்ந்தது, வலியும் வளர்ந்தது. மறுபடி போனாள். "வயசானா தானா நின்னுடும், சரியாயிடும்!"

கல்யாணம் என்ன கஷாயமா? பிள்ளை என்ன பிளாஸ்திரியா? மூப்பு என்ன மாத்திரையா?

யாரது, "இதெல்லாம் மேடையில பேசுற பேச்சா?" என்பது? அண்ணே, இதை அறைக்குள்ளேயே பேசிப் பேசித்தான் அவள் அறைக்குள்ளேயே சுருண்டு கிடந்தாள்!

"எங்க வலிக்குது?" என்று ஒருநாள் டாக்டர் கேட்டார். யாரைப் பார்த்து? அவள் கணவரைப் பார்த்து! மாப்பிள்ளையும் கூசாமல் சொன்னார்: "சும்மா வயித்து வலிதான் சார். இவ கொஞ்சம் பயந்த சுபாவம்." வலி அவளுக்கு, வாய் அவருக்கு, கிடைத்ததோ வாயு மாத்திரை! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விசாரித்து விசாரித்து, ஊரின் மறுகோடியில் ஒரு மகப்பேறு மருத்துவரைக் கண்டுபிடித்தோம். அந்த அம்மா முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க." பிறகு தங்கையைப் பார்த்தார். "கையை வச்சுக் காட்டும்மா. எப்போ அதிகமாகுது? மாதவிலக்கப்பவா? வெளிக்குப் போகும்போதா? கணவரோட இருக்கும்போதா?" பதில் சொல்லுமுன் என் தங்கை அழுதுவிட்டாள். அதுவரை யாருமே அவளைக் கேட்டதில்லை.

அந்த அம்மாவும் தானே எல்லாம் செய்துவிடவில்லை. சந்தேகம் வந்ததும் இதற்கென்றே படித்த அறுவை மருத்துவரிடம் அனுப்பினார். கருப்பைக்குள் இருக்க வேண்டியதைப் போன்ற திசு வெளியே சினைப்பையிலும் படர்ந்து, குடலோடு ஒட்டிக் கிடந்ததாம். பிரித்தெடுத்தார்கள். இன்று வலி பாதிதான். ஆனால் ஒரு பக்கச் சினைப்பை போயே போய்விட்டது. டாக்டர், அது சரியாகாது!

உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த பெண் வருவாள், நாளைக்கே வருவாள். அவளிடம் "எனக்குத் தெரியலம்மா, தெரிஞ்சவங்ககிட்ட அனுப்புறேன்" என்று சொல்வீர்களா? அதை இன்று, இங்கே, இத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள். சொன்னால் எங்கள் கைதட்டலில் இந்தக் கூரை அதிரும். சொல்லாவிட்டால் உங்களுக்காக வைத்திருக்கும் பாராட்டுக் கேடயம் மேசையிலேயே கிடக்கட்டும்!

குறுக்கே பேசாமல் என்னைப் பேசவிட்ட தலைவருக்கு நன்றி. தலை குனியாமல் அமர்ந்திருக்கும் என் தங்கைக்குக் கோடி நன்றி. உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

டாக்டர், இந்தாருங்கள் மைக்.