நாற்காலி திரும்பும் அளவுக்கு

மாலை ஐந்து மணி. அக்டோபர் கடைசி. நீங்கள் ஏறி வந்த இதே ரோடோபி மலைப்பாதை... ஈ காக்கை இல்லை. என் மச்சினன் மெத்தோடி தோளில் சுண்ணாம்பு மூட்டையோடு ஏறி வருகிறான். அன்றைக்கு அது பதினோராவது மூட்டை. வண்டி வராத பாதை, என்ன செய்ய?

மெதுவாகச் சிரியுங்களப்பா. அவன் இதோ இந்தக் கட்டிலில்தான் தூங்குகிறான்.

மூன்று வருஷத்துக்கு முன் இந்த வீடு ஒரு தீப்பெட்டி. ஒரே அறை. அவன் மனைவி, என் தங்கை நெவேனா, இதோ இவள்தான், கீழே விழுந்து கால் விளங்காமல் அடிவார ஊரில் ஒரு பராமரிப்பு விடுதியில் கிடந்தாள். சக்கர நாற்காலி இந்தக் கதவுக்குள் நுழையும்; திரும்பாது. பனி விழுவதற்குள் பின்சுவரை இரண்டு முழம் தள்ளிக் கட்டிவிட்டால் இவளைக் கூட்டி வந்துவிடலாம். அவ்வளவுதான் அவன் ஆசை.

சுவரை இடித்தபோது அஸ்திவாரத்தில் ஒரு கயிறு கிடைத்தது. மெழுகு தடவிச் சுருட்டியது. பிரித்தால் ஓர் ஆள் நீளம். அலுப்பில் அதை அடுப்பில் போட்டுவிட்டான். முடி கருகும் நாற்றம்... இரண்டு நாள் போகவில்லை.

அதன்பின் சுவர் நிற்கவில்லை. மூன்று தடவை கட்டினான். மூன்று தடவையும் விடிந்தால் கற்குவியல்.

கொத்தனார் ஸ்தாமென் வந்து பார்த்தார்.

“உள்ள ஒரு கயிறு இருந்திருக்குமே, எங்க?”

“எரிச்சிட்டேன் மேஸ்திரி.”

“அடப்பாவி! அந்தக் காலத்துல வழியில போறவன் நிழலை, அவனுக்கே தெரியாம கயித்தால அளந்து சுவத்துக்குள்ள வெப்பாங்க. ஆளு நாப்பது நாள்ல போயிடுவான். நிழல் நின்னு வீட்டைத் தாங்கும். தாங்கினவனையே கொளுத்திட்டியே!”

மெத்தோடி மூட்டைமேல் உட்கார்ந்தான். “அப்ப என்னோடதை எடுத்துக்குங்க.”

“கிறுக்காடா உனக்கு? நாப்பதே நாள்!”

“அவ உள்ள வந்து ஒரு தடவை திரும்பட்டும். அது போதும். எனக்கு முடியல மேஸ்திரி.”

வெயில் சாய்ந்து நிழல் நீண்டு கிடந்தது. கயிறு பத்தவில்லை. இன்னொரு கயிற்றை முடிந்து அளந்தார்கள்.

சுவர் நின்றது. நெவேனாவை முதுகில் சுமந்து கொண்டுவந்தான். அறை நடுவில் இவள் நாற்காலியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, “இன்னொரு தடவை!” என்று சிரித்தாள். பாவிப்பயல் அழுதுவிட்டான்.

நாற்பது நாளையும் நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றாம் நாள் எழுந்து காபி போட்டான். சாகவில்லை. ஆனால்... படுத்தால் களைப்பு, எழுந்தால் அதைவிடக் களைப்பு. ஒருநாள் காலை, மேடாக இருந்த நிலைப்படி சமமாகியிருந்தது. இன்னொரு நாள் கூரையோர விரிசல் அடைபட்டிருந்தது. இவன் தொடவில்லை. பின்சுவரை இவன் தள்ளிக் கட்டியது இரண்டு முழம். இன்று உள்ளே வந்ததும் அளந்து பார்த்தேன். நாலு முழம்.

கேட்கிறதா? சுவருக்கு அந்தப் பக்கம்... சரக்... சரக்... பூச்சுக் கரண்டி. யாரும் எழுந்து போகவேண்டாம். அந்த விளக்கை இப்படிக் கொடுங்கள். பாருங்கள், நம் எல்லார் நிழலும் சுவரில் இருக்கிறது. இவனுக்குப் பின்னால்... வெறும் சுவர்.

நெவேனா நாற்காலியை உருட்டி வந்து, அவன்மேல் போர்வையை இழுத்துவிடுகிறாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள். நகக்கண்ணில் சுண்ணாம்பு. இன்னும் ஈரம்.

“போதும், இந்த இடம் போதும்னு தினமும் சொல்றேண்ணா,” என்கிறாள். “இவரு கேட்டுக்கிறாரு. வெளிய இருக்கறவருதான் கேக்க மாட்டேங்கிறாரு.”