மண்டபச் சுவரில் இரண்டு நிழல்

ஆளைப் படம் எடுப்பது சுலபம் அம்மா. முட்டையை எடுப்பதுதான் கஷ்டம்.

வெள்ளைத் தட்டில் வெள்ளை முட்டையை வைத்து ஒரே ஒரு வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். முட்டையும் தெரிய வேண்டும், தட்டும் தெரிய வேண்டும், ஒன்றில் ஒன்று கரைந்துவிடக் கூடாது. அதற்கு டார்ச்சைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அப்போது ஒரு பக்கம் நிழல் விழும். நிழல் விழுந்தால்தான் அது உருண்டை என்று கண்ணுக்குப் புரியும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் மருமகள் சௌமியா. செத்துப் போனவள். அவளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், வருகிறேன்.

நீங்கள் வாங்கி வைத்த டீ ஆறுகிறது. இருக்கட்டும். போலீஸ் ஸ்டேஷன் என்பதால் இல்லை, யார் கொடுத்தாலும் நான் குடிப்பதில்லை. யாரையும் நம்புகிறவன் இல்லை நான். டாக்டர் எழுதிய மாத்திரையை மருந்துக் கடையில் சரிதானா என்று கேட்பேன். அந்தக் கடைக்காரன் சொன்னதை அடுத்த கடையில் போய்க் கேட்பேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டினேன், லாரியில் ஏற்றினேன். இடுப்பு போனதும் வீட்டில் உட்கார்ந்தேன்.

எல்லோரையும் சந்தேகப்படுகிற நான் சௌமியாவை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அவள் பள்ளிப்பட்டுப் பெண். என் மகன் பிரேம்குமாருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒருமுறைதான் வருவான். வீட்டில் நானும் அவளும்தான். சும்மா இருக்க முடியவில்லை என்று உதயாவின் போட்டோ வகுப்பில் சேர்ந்தாள். உதயா மலைக்கோயிலில் கல்யாணப் படம் எடுக்கிறவன். முகூர்த்த நாளில் ஒரே காலையில் நாலு ஜோடியை எடுத்துவிட்டு இறங்குவான். ஞாயிறு தோறும் வகுப்பு நடத்துவான். குழந்தைகளைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இவள் ஆசை.

வகுப்பில் பயிற்சி கொடுப்பார்கள். ஒரு ஜன்னல், ஒரு முகம் என்பது முதல் பயிற்சி. வீட்டில் கிடைத்த முகம் என்னுடையது.

“மாமா, அசையாதீங்க. அப்பிடியே ஜன்னலப் பாத்துகினு இருங்க.”

“இன்னாத்தப் பாக்கறது. எதிர்வூட்டு பைப்புதான் தெரியுது.”

“அதயே பாருங்க. பைப்பு மேல கோவம் வந்த மாதிரி பாருங்க. ஒங்களுக்கு அது சும்மாவே வரும்.”

ஜன்னல் பக்கத்துக் கன்னம் வெளுத்தது, மறுகன்னம் இருட்டாக விழுந்தது. அவள் கொடியில் காய்ந்த என் வேட்டியை எடுத்து இருட்டுப் பக்கம் விரித்துப் பிடித்தாள். வெளிச்சம் வேட்டியில் பட்டுத் திரும்பி என் முகத்துக்கு வந்தது. எத்தனை வருஷமாக அந்த வேட்டியைக் கட்டுகிறேன், அதற்கு இப்படி ஒரு வேலை உண்டு என்று எனக்குத் தெரியாது.

நானும் எடுக்கிறேன் என்றேன். பிரேமின் பழைய போனைத் துடைத்துக் கொடுத்தாள். முட்டை எடுத்தேன், சொம்பு எடுத்தேன், வெயிலில் காயும் மிளகாயை எடுத்தேன். அவள் அவற்றை வகுப்பில் காட்டினாள். ஒருநாள் என்னையும் கூட்டிப் போனாள். உதயா பார்த்துவிட்டு, “பெருசு, இத்தினி நாளா எங்க இருந்த நீ?” என்றான். கிண்டலா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. நிஜம்தான் என்றாள் அவள்.

படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதையும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். போனில் குறுக்கும் நெடுக்கும் கோடு வரும். கோடும் கோடும் வெட்டுகிற இடத்தில் பார்க்கிறவன் கண் முதலில் போய் நிற்கும். சொல்ல வேண்டியதை அங்கே வைக்க வேண்டும். நான் எடுத்த ஒரு படத்தில் வீட்டு மூலையில் கிடந்த துடைப்பமும் விழுந்துவிட்டது.

“வேணாதத வெளிய தள்ளிடணும் மாமா. உள்ள இருக்கறதுதான் கத. வெளிய இன்னா இருந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

வைகாசி கடைசியில், பிரேம் வந்திருந்தபோது, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். திருவள்ளூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கிடைத்திருக்கிறது, பிரேமுக்கும் அங்கிருந்து கம்பெனி பஸ் இருக்கிறது, ஆடிக் கிருத்திகை முடிந்ததும் போகலாம் என்று இருக்கிறார்கள்.

“நீங்களும் வரணும் மாமா. ஜன்னல் வச்ச ரூமு ஒங்களுக்குன்னு சொல்லிட்டேன்.”

“வந்துடு நைனா,” என்றான் பிரேம். “இங்க தனியா இன்னா பண்ணப் போற. அவதான் ஒனக்கும் சேத்துப் பாத்து வூடு புடிச்சிருக்கா.”

அவள் மனசாரத்தான் கூப்பிட்டாள். அதையும் நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அவள் பிடித்த வீட்டில், அவள் ஒதுக்கிய ஜன்னல் பக்கம் நான் போய் உட்கார வேண்டும். பிரேமின் அம்மா அவன் தவழும்போதே செத்துவிட்டாள். கரும்புக் காட்டு வரப்பில் துணி விரித்துப் போட்டு வளர்த்தேன். அவனை யாரோடும் பங்கு போட்டதில்லை. கல்யாணம் செய்து வைத்தது வீட்டுக்கு ஒரு ஆள் வரட்டும் என்றுதான். அவனைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நிழல் பயிற்சி. ஆளைக் காட்டாமல் நிழலை மட்டும் வைத்துக் கதை சொல்ல வேண்டும். உதயா எல்லோரையும் விடியும்போதே மலைக்கு வரச் சொல்லியிருந்தான். நானும் போனேன். ஏறுகிற வழியில் ஒரு மண்டபம். கிழக்குப் பார்த்த சுவர், காவியும் வெள்ளையும் பட்டை அடித்தது. வெயில் அப்போதுதான் கிளம்பித் தரையோடு படுத்து வந்தது. அந்த வெயிலில் ஆள் எவ்வளவு தள்ளி நின்றாலும் நிழல் சுவருக்குப் போய்விடும்.

சௌமியா சுவர் ஓரம் நின்றாள். உதயா வெகுதூரம் தள்ளி நின்று, ஹேமாவதி என்கிற இன்னொரு பெண்ணுக்குக் கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பம் ஒன்று பிள்ளை குட்டியோடு நடந்து போனது. அவ்வளவு இடம்.

அவர்கள் போனதும் சுவரைப் பார்த்தேன். நீட்டிய கையின் நிழல் அவள் நிழலுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றது.

“அம்மாடி, இப்பிடிக் கொஞ்சம் தள்ளி நில்லு.”

“இங்கியா மாமா?”

“ஆங். பக்கவாட்டுல திரும்பு. மூஞ்சத் தூக்கு.”

“என்ன வச்சே பாஸ் பண்ணிடலாம்னு பாக்கறீங்களா?” சிரித்துக்கொண்டே முகத்தைத் தூக்கினாள்.

சுவரில் ஒரு ஆண் ஒரு பெண்ணின் கன்னத்தைப் பிடித்திருந்தான்.

முதலில் எல்லோரும் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்தேன். பிறகு கிட்டே போனேன். உதயாவை வெளியே தள்ளினேன், ஹேமாவதியை வெளியே தள்ளினேன், நடுவில் இருந்த இடத்தைத் தள்ளினேன். உதயாவுக்குக் கொண்டை உண்டு. மொட்டை போடுகிற மலையில் அந்தக் கொண்டை நிழலிலும் தெரியும். அவள் என்று தெரிய ஒன்று வேண்டுமே என்று, கோடு வெட்டுகிற இடத்தில் அவள் மஞ்சள் துப்பட்டாவின் முனை மட்டும் வருகிற மாதிரி வைத்தேன். அது பிரேம் வாங்கிக் கொடுத்தது.

பிரேம் மதியம் வந்தான். சௌமியா உள்ளே கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் போனை நீட்டினேன். அவன் வாங்கினான். விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“எங்க நைனா இது?”

“மலைமேல. இன்னிக்குக் காலையில.”

“நீ பாத்தியா?”

“பாக்காம எப்பிடி எடுப்பேன்?”

இதில் எது பொய் என்று சொல்லுங்கள்.

என் மகன் கோபக்காரன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, சைக்கிளைத் தள்ளிவிட்டான் என்று ஒருவன் மண்டையை உடைத்தவன். நானே வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியாதா. நான் நினைத்தது, சண்டை வரும், அவள் பள்ளிப்பட்டுக்குப் போவாள், திருவள்ளூர் நின்றுபோகும். அவ்வளவுதான்.

அவன் போனோடு எழுந்து உள்ளே போனதும் நான் தெருக்கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளைப் போட்டேன். நாலு பேர் எட்டிப் பார்க்கக் கூடாது இல்லையா. அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, என் கைக்குத்தான் திறக்கும். அவள் முன்னறைக்கு ஓடி வந்து அதோடு மல்லுக்கட்டினாள். திறந்திருந்தால் வெளியே போயிருப்பாள். நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கதவில் முதுகை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மாமா, நீங்கதான என்ன அங்க நிக்க வச்சீங்க. உதயா எங்க நின்னாருன்னு சொல்லுங்க மாமா. ஒரு வார்த்த சொல்லுங்க.”

பிரேம் நின்றுவிட்டான். அவனும் என்னைப் பார்த்தான். நான் சொன்னால் கேட்டிருப்பான். என் பேச்சை அவன் தட்டியதில்லை.

“படத்துல இருக்கறதுதான்,” என்றேன்.

அவன் துப்பட்டாவைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்த் தள்ளினான். கிரைண்டர் இரும்புச் சட்டத்தில் தலை பட்டது. கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது, நான்தான் போய் நிறுத்தினேன். ஜன்னல் வெளிச்சம் அவள் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தது. மறுகன்னம் இருட்டு. ஒரு வேட்டியைப் பிடித்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. போன் பக்கத்திலேயே கிடந்தது. நான் எடுக்கவில்லை அம்மா. அந்த அளவுக்குக் கெட்டவன் இல்லை.

இப்போது தெருவில் அவளைக் கண்டபடி பேசுகிறார்கள். எப்படிப் போனதோ, எல்லோர் போனிலும் அந்தப் படம் இருக்கிறதாம். உதயா கடையைப் பூட்டிவிட்டான் என்று கேள்வி. நீங்களும் அந்தப் படத்தைத்தான் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். முதலில் எடுத்தது அந்தப் போனிலேயே இருக்கிறது, தள்ளிப் பாருங்கள். அழித்துவிடத்தான் நினைத்தேன், மனசு வரவில்லை. வெயில், சுவர், சந்தனம் பூசிய பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பது, இவள் சிரிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. அதுதான் நல்ல படம். சௌமியா பார்த்திருந்தால் அதைத்தான் எடுத்துக் காட்டியிருப்பாள்.

அதைக் கோர்ட்டில் காட்டுங்கள். நான் ஜோடித்தேன், அவளை நான் நிற்க வைத்தேன், கேட்டபோது உண்மையைச் சொல்லவில்லை, கதவையும் நானே சாத்தினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். விரல் ரேகை வைக்கிறேன். என் மகன் ஏமாந்தவன், அவனை விட்டுவிடுங்கள்.

ஜெயிலுக்குப் போய் அவனைக் கேட்டார்களாம், அப்பாவைப் பார்க்கிறாயா என்று. வேண்டாம் என்றானாம். இன்றைக்குக் கோபம். நான் வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியும். இறங்கிவிடும். வெளியே வந்தால் வேறெங்கே போவான்? இப்போது அவனுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.