நாக்கு இல்லாத மணி

— மணியோட நாக்கு எங்க, மணிக்காரரே?

— பல் டாக்டர்கிட்ட போயிருக்கு, பாஸ்டர்.

— நூத்திப்பன்னெண்டு படி ஏறி வந்திருக்கேன். மூச்சு வாங்குது, விளையாடாதீங்க. நாளைக்கு சுதந்திர நாள். நாட்டுக்கு எத்தனை வயசோ அத்தனை தடவை விடிஞ்சதும் மணி அடிக்கறது நம்ம கோயில் வழக்கம். நாக்கைக் கழட்டிட்டு உட்கார்ந்திருந்தா எப்படி?

— நான் எங்க கழட்டினேன்? வருஷத்துக்கு ஒரு அடி கூடுதில்ல, அதுக்கே பயம் வந்துருச்சு. தானா கழண்டு, என் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியில படுத்துக்கிச்சு.

— ஏழு கிலோ இரும்பு. தானாவே படி இறங்குச்சாக்கும்?

— கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குச்சு. வயசாச்சில்ல.

— சரி, அதை விடுங்க. ஆராதனையில நாட்டுக்காக ஜெபம் வாசிக்கறது நீங்கதானே? மூணு ஞாயிறா அந்த வரி வந்ததும் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கறீங்க. துடைச்சு மாட்டினதும் நேரா நோயாளிகளுக்குப் போயிடறீங்க. நடுவுல நாட்டைக் காணோம்.

— என் ஜெபம் ஆபத்தானது, பாஸ்டர். ஆத்துப் பாலம் நல்லா இருக்கணும்னு ஜெபிச்சேன், ஒரே மாசத்துல இடுப்பு ஒடிஞ்சு விழுந்துச்சு. மந்திரிக்கு நல்ல புத்தி கொடும்னு ஜெபிச்சேன். புத்தி வந்து, மனுஷன் பதவியை விட்டுட்டு ஆடு மேய்க்கப் போயிட்டார். நாடு பாவம், என்கிட்டேருந்து தப்பிச்சுப் பொழைச்சுப் போகட்டும்னுதான் விட்டுட்டேன்.

— அந்த ஆபீஸ் கடுதாசிதானே காரணம்?

— எந்தக் கடுதாசி?

— சட்டைப் பையில இருக்கே, அது. மடிச்ச இடமெல்லாம் கிழியற அளவுக்குப் படிச்சிருக்கீங்க.

— அச்சு அழகா இருந்துச்சு, அதான் படிச்சேன். ‘தங்கள் பெயர் குடிமக்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. தங்கள் தாயார் இந்நாட்டில் பிறந்ததற்கான சான்றுடன் முப்பது நாட்களுக்குள் நேரில் வரவும்.’ ஒரு பிழை கிடையாது.

— போனீங்களா?

— போகாம? கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு, எழுந்து வந்து எனக்கு நாற்காலி போட்டுச்சு. போட்டுட்டு, ‘நீங்க எந்த நாடு, தாத்தா?’ன்னு கேட்டுச்சு. எல்லையில நாலு வருஷம் பனியில நின்னவன் நான். இடது கால் விரல் ரெண்டை அங்கேயே விட்டுட்டு வந்தேன். இப்ப பாருங்க, அந்த ரெண்டு விரல் மட்டும்தான் இந்த நாட்டுக்குச் சொந்தம். மீதி உடம்புக்குச் சான்று வேணுமாம்.

— மனசை விடாதீங்க. நமக்கு நிலையான ஊர் பரலோகம்தானே.

— பிரசங்கத்துக்கு நல்லா இருக்கு, பாஸ்டர். ஆனா வேதாகமத்துல அப்போஸ்தலர்கூட, தன்னை அடிக்க எடுத்த சாட்டையைக் கண்டதும் ரோமக் குடியுரிமையைத்தான் எடுத்துக் காட்டினார். பரலோகத்தைக் காட்டல.

— உங்ககிட்ட வாய் கொடுத்து ஜெயிக்க முடியுமா? ஆபீஸ்ல அம்மாவைப் பத்தி என்ன சொன்னீங்க?

— உள்ளதைச் சொன்னேன். எங்கம்மா ரயில் ஓட்டினா.

— போன வருஷம், சர்க்கஸ்ல சிங்கத்துக்குத் தலை வாரினாங்கன்னு சொன்னீங்க.

— அது ஞாயித்துக்கிழமை மட்டும். அன்னிக்கு ரயிலுக்கு லீவு.

— வெள்ளத்துல உங்களைப் பல்லால கவ்விக்கிட்டு ஆத்தைத் தாண்டினாங்களே, அது?

— ரயில் ஆத்துல விழுந்தப்ப. பாலம் ஒடிஞ்சுதுன்னு இப்பத்தானே சொன்னேன், கவனிக்க வேணாமா?

— மணிக்காரரே, இப்படி உட்காருங்க. உங்களுக்கு ஒரு ஆதாரம் கிடைக்குமான்னு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடினேன். இதோ, கையோட கொண்டு வந்திருக்கேன். உங்க பக்கம் இருக்கு.

— கரையான் மிச்சம் வச்சிருக்கா?

— வச்சிருக்கு. ஆனா அம்மா பேர் எழுதற இடத்துல...

— கோடு போட்டிருக்கும். ஒரே இழுப்பு. ஓரத்துல மை சிந்தியிருக்கும்.

— தெரியுமா உங்களுக்கு?

— நீங்க வர்றதுக்கு முன்னாடி, அந்த அலமாரிச் சாவி முப்பது வருஷம் என் இடுப்புலதானே தொங்குச்சு.

— ‘காலை மணி அடிக்க வந்த ஊழியர், வாசற்படியில் ஓர் ஆண் குழந்தையைக் கண்டெடுத்தார். தாய் தகப்பன் தெரியாது.’ காலையிலேயே படிச்சுட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, ஏறி வந்ததும் நாக்கு எங்கன்னு அதட்ட ஆரம்பிச்சேன். வேணாம், மணிக்காரரே. நாளைக்கு மணி சும்மா கிடக்கட்டும். உங்களைப் பிள்ளையே இல்லைன்னு சொன்ன நாட்டுக்கு நீங்க ஏன் கை வலிக்க அடிக்கணும்? சபையில நான் பேசிக்கறேன்.

— மணி அடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எங்கம்மா என்னை வச்சிருக்கா, கவனிச்சீங்களா? குளிர்ல ரொம்ப நேரம் கிடக்கக் கூடாதுன்னு பார்த்து வச்சிருக்கா. அந்த எதிர்ச் சுவர் ஓரமா நின்னு, என்னைத் தூக்கற வரைக்கும் பார்த்துட்டுத்தான் போயிருப்பா.

— அவங்க மேல கோபமே வந்ததில்லையா?

— வராம? பதினஞ்சு வயசுல மொத்தத்தையும் இந்தக் கயித்துமேல காட்டினேன். அந்த வருஷம் ஊர்ல கோழிகூட நிம்மதியா முட்டை போடல. அப்புறம் ஒரு யோசனை. சத்தம் அவ காதுல விழுந்தா, பையன் எப்படி இருக்கான்னு நினைப்பா? அதுலேர்ந்து பதமாத்தான் அடிக்கறேன்.

— அவங்களுக்காக ஜெபம் பண்ணுவீங்களா?

— தினமும். பேர் தெரியாது. ‘ஆண்டவரே, அந்தப் பொம்பளை’ன்னு சொல்வேன். அவருக்குப் புரிஞ்சிடும்.

— இந்தப் பதிவேட்டைப் பத்திரமா அலமாரியில வச்சுட்டு வர்றேன்.

— அதை அப்புறம் வைக்கலாம். அந்தச் சாக்கை இப்படி இழுங்க. கட்டிலுக்கு அடியிலன்னு சொன்னது பொய். நாக்கு இதுக்குள்ளதான் இருக்கு. மாட்டணும், ஏணியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க.

— அப்ப கடுதாசி?

— திங்கக்கிழமை மறுபடியும் போவேன். அதே நாற்காலியில உட்கார்ந்து சண்டை போடுவேன். அது வேற, இது வேற. வாசல்ல வச்சிட்டுப் போனவளுக்காக இத்தனை வருஷமா ஜெபிக்கறேன், பாஸ்டர். நாளையிலேர்ந்து நாட்டையும் சேர்த்து அம்மா ரெண்டு பேர், அவ்வளவுதானே.