ஒரு லயத்துக்கு ஒரே போன்

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி கிளினிக்கில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால், தேயிலைத் தோட்டத்தின் லயம் எனப்படும் வரிசை வீடுகளிலிருந்து வந்து நின்ற பெண், கவுண்டரில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“எங்க லயத்துல எல்லாருக்கும் ஒரே போன் நம்பர்தான் தம்பி.”

“யாரோட நம்பர்?”

“தெல்தோட்டையில கடை முதலாளியோடது. எங்க லயத்துல சிக்னல் இல்ல.”

“அப்ப எஸ்.எம்.எஸ்ல வர்ற கோட் நம்பர் அவருக்குத்தான் போயிருக்கும். அதை அடிச்சாத்தான் கம்ப்யூட்டர் டோக்கன் குடுக்கும். மூணு நிமிஷந்தான் டைம்.”

“பிரஷர் குளிசை நேத்தே முடிஞ்சிருச்சு தம்பி. அடுத்த கிளினிக் ஒரு மாசம் கழிச்சுத்தானே?”

கவுண்டரில் இருந்தவர் தன் போனிலேயே கடைக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“முதலாளி, நான் ஆறாம் லயத்து செல்வமணி. இப்ப ஒரு கோட் வந்திருக்கா?”

“வந்திருக்கும்மா.”

“சீக்கிரம் சொல்லுங்க, நேரம் போகுது!”

“அதெப்படிச் சொல்றது? யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு மெசேஜ்ல கீழேயே போட்டிருக்கே. பயப்படாதம்மா. உங்க லயத்துக்கு வந்த ஒரு கோட் நம்பரையும் நான் இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல.”